கர்ப்பிணி அர்னால்டு: 'ஜூனியர்' நல்ல படமா, ஒற்றை ஜோக்கா?

இரவுக்காட்சி:
நேற்று ராத்திரி 'ஜூனியர்' (1994) மறுபடி பார்த்தேன். பார்க்காதவர்களுக்கு: கருச்சிதைவைத் தடுக்க அர்னால்டும் டேனி டிவிட்டோவும் ஒரு மருந்து கண்டுபிடிக்கிறார்கள். மனிதர்களிடம் சோதிக்க அரசு அனுமதி தரவில்லை. உடனே அர்னால்டு வயிற்றிலேயே ஒரு கருவை ரகசியமாக வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தோடு முடித்துக்கொள்வதாகப் பேச்சு, ஆனால் அவருக்கு மனசு வரவில்லை. இவான் ரைட்மேன் இதே ஜோடியை வைத்து 1988-இல் எடுத்த 'ட்வின்ஸ்' அமெரிக்காவில் 11 கோடி டாலரைத் தாண்டியது. இதுவோ 3.7 கோடியோடு படுத்துவிட்டது. அநியாயம்!

டீக்கடை பெஞ்ச்:
இதில் என்ன அநியாயம்? போஸ்டரிலேயே ஜோக் முடிந்துவிட்டது. அப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதையே இழுக்கிறார்கள். பெண்கள் காலங்காலமாகப் படுவதை ஒரு ஆம்பளை பட்டால்தான் காமெடியா?

இரவுக்காட்சி:
அவர் எங்கேயும் கோமாளித்தனம் பண்ணவில்லையே. கோல்டன் குளோப் பரிந்துரை சும்மாவா வந்தது? கர்ப்பிணிகள் தங்கும் இடத்தில் பெண் வேஷத்தில், கிழக்கு ஜெர்மனி விளையாட்டு வீராங்கனை, ஸ்டீராய்டு கொடுத்து இப்படி ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை விடுவார்கள். அங்கே இருக்கும் பெண்கள் அதை நம்பி அவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சிரிப்பு அவர்கள் மேல் விழவே இல்லை.

லேபர்வார்டு:
நான் பிரசவ வார்டு நர்ஸ். என்னை உறுத்துவது அந்தக் கருமுட்டை. 'ஜூனியர்' என்று பெயர் ஒட்டி உறைய வைத்திருந்தது, படத்தில் இன்னொரு விஞ்ஞானியாக வரும் எம்மா தாம்சனின் சொந்த முட்டை. டிவிட்டோ கேட்காமல் எடுத்துக்கொள்கிறார். ரொம்ப நாள் கழித்துத்தான் அந்த அம்மாவுக்குத் தெரிகிறது. ஆண்களிடம் இல்லாதது இது ஒன்றுதான், இதையும் பிடுங்கணுமா என்கிற மாதிரி வெடிப்பார். படத்திலேயே நல்ல இடம் அதுதான். ஆனால் சீக்கிரமே அர்னால்டு மேல் காதலாகிக் கரைந்துவிடுகிறார்! நாங்கள் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றவே கையெழுத்து வாங்குகிறோம்.

இன்னொன்று, வயிற்றறைக்குள் கரு வளர்வது பெண்களுக்கு எப்போதாவது நிஜமாகவே நடக்கும். நஞ்சுக்கொடி குடலில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் ரத்தம் நிற்காது என்று பல சமயம் உள்ளேயே விட்டுவிடுவார்கள். தாயின் உயிருக்கே ஆபத்து. படத்தில் அந்தப் பயம் எங்கே?

டீக்கடை பெஞ்ச்:
அப்படிப் போடுங்க சிஸ்டர்! 'என் உடம்பு, என் முடிவு' என்று அர்னால்டு சொல்லும் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பு உரிமைக்காகப் பெண்கள் எழுப்பிய கோஷம் அது. கேட்காமல் எடுத்த முட்டையைச் சுமந்துகொண்டு அதை இவர் பேசுகிறார்.

இரவுக்காட்சி:
முட்டை விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை சிஸ்டர், ஒத்துக்கொள்கிறேன். கோஷத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். 'டெர்மினேட்டர்' பார்த்து விசிலடித்த கூட்டம் அதை வேறு யார் வாயிலிருந்து கேட்டிருக்கும்?

டீக்கடை பெஞ்ச்:
சரி, ஒரே கேள்வி. டிவிட்டோவின் முன்னாள் மனைவியும் அதே படத்தில் மாசமாக இருக்கிறார். அவருக்கும் குழந்தை பிறக்கிறது. அந்த அம்மாவுக்கு எத்தனை காட்சி?

இரவுக்காட்சி:
…சனிக்கிழமை திரும்பப் போட்டு எண்ணிச் சொல்கிறேன்.

லேபர்வார்டு:
விரல் விட்டே எண்ணிடலாம் தம்பி.