மறு: 'ஃபேர் யூஸ்' தமிழில் – ஓவியர்களுக்கான பதிப்புரிமைச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

ஓவியர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் பதிப்புரிமைக் கையேடு எழுதிவரும் நண்பர் 'ஃபேர் யூஸ்', 'டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் யூஸ்', 'டெரிவேட்டிவ் ஒர்க்' மூன்றுக்கும் சொல் கேட்டிருந்தார். முதலாவது, பிறர் படைப்பை அனுமதி வாங்காமலே சட்டம் ஏற்கும் அளவில் பயன்படுத்துவது. இரண்டாவது, அப்படி எடுத்ததற்குப் புது நோக்கமோ தன்மையோ தருவது. மூன்றாவது, ஒரு படைப்பை ஒட்டிச் செய்த இன்னொரு படைப்பு. இழை வேகமாக ஓடி, 'நேர்மையான பயன்பாடு', 'உருமாற்றப் பயன்பாடு' என்று முடிந்துவிடும் போலத் தெரிகிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இலக்கணப்படி இவற்றில் குறை இல்லை. ஆனால் இந்தச் சொற்களை நம்பி ஒரு ஓவியர் வேலையை ஒப்புக்கொண்டால் கடைசியில் அவர் கைக்காசுதான் போகும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> நேர்மையான பயன்பாடு என்றால் யாருக்கும் சட்டென்று புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். படத்துக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எடுத்தவர் பெயரைச் சொன்னேன், கெட்ட எண்ணம் இல்லை, பெரிதாகக் காசும் பார்க்கவில்லை என்று சொல்பவரிடம் 'நேர்மையான பயன்பாடு' என்ற சொல்லைக் கொடுத்தால், அதை அவர் தனக்கு வந்த அனுமதியாகவே எடுத்துக்கொள்வார். அமெரிக்கச் சட்டம் கேட்பது வேறு. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நான்கு காரணிகளைப் பார்க்கச் சொல்கிறது. எதற்காக, எந்த விதத்தில் பயன்படுத்தினீர்கள். எடுத்த படைப்பு எத்தகையது. எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்தது அதன் முக்கியமான பகுதியா. அதனால் மூலப் படைப்பின் சந்தை என்ன ஆகும். நன்றி சொன்னீர்களா என்ற கேள்வி இந்த நான்கில் இல்லை.

அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு தம்பதி நாய்க்குட்டிகளை வரிசையாக ஏந்தி உட்கார்ந்திருக்கும் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒளிப்படக் கலைஞர் ஆர்ட் ரோஜர்ஸ் 1980இல் எடுத்தார். அந்தப் படம் போட்ட அட்டை ஒன்று கூன்ஸ் கைக்குக் கிடைத்தது. அதிலிருந்த பதிப்புரிமைக் குறிப்பைக் கிழித்துவிட்டு இத்தாலியிலுள்ள பட்டறைக்கு அனுப்பி, அப்படியே வண்ணச் சிற்பமாகச் செய்ய வைத்தார். மூன்று சிற்பங்கள் மொத்தம் 3,67,000 டாலருக்கு விற்றன. நுகர்வுச் சமூகத்தைக் கேலி செய்தேன் என்று அவர் வாதிட்டார். கேலி ஓரளவாவது அந்த ஒளிப்படத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 2006இல் அதே நீதிமன்றத்தில் அதே கூன்ஸ் வென்றார். அந்த முறை அவர் எடுத்தது ஆண்ட்ரியா பிளாஞ்சின் ஃபேஷன் படம் ஒன்றிலிருந்து செருப்பணிந்த இரண்டு கால்கள். அவற்றை வேறு பல படத் துண்டுகளோடு சேர்த்துப் பெரிய ஓவியமாக்கியிருந்தார். பிளாஞ்சின் சந்தைக்கும் அதனால் கேடு வரவில்லை. இரண்டு வழக்குக்கும் நடுவே அவர் நேர்மை கூடிவிடவில்லை. அந்தந்தப் பயன்பாடு தகுந்ததா என்று நிறுத்துப் பார்த்ததில் வந்த வேறுபாடு அது.

ஆகவே 'தகு' என்ற வேர்தான் இங்கே பொருந்துகிறது. முதலில் ஒருவர் 'தகவுப் பயன்பாடு' என்றார். பொருள் சரிதான். ஆனால் பொறியியல் தமிழில் 'தகவு' ஏற்கெனவே 'ரேஷியோ'வுக்குப் போய்விட்டது. அதோடு அவசரமாகப் படிக்கும் கண்ணுக்கு அது 'தகவல்' என்றுதான் தெரியும். என் பரிந்துரை 'தகுபயன்பாடு'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தகுந்தது, தகுகிறது, தகும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். ஒரே சொல்லாக இருப்பதால் 'தகுபயன்பாட்டு வாதம்', 'தகுபயன்பாட்டில் அடங்காது' என்றெல்லாம் எளிதாக நீட்டவும் முடிகிறது.

> 'ஃபேர் டீலிங்' என்பதும் இதுவும் ஒன்றுதானே, ஒரே சொல் போதாதா?

போதாது. தமிழுக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் இந்த இரண்டு ஏற்பாட்டுக்கும் கீழே வாழும் தமிழர்கள் இருக்கிறோம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம், 52ஆம் பிரிவு, 'ஃபேர் டீலிங்' என்கிறது. அது பிரிட்டிஷ் வழி வந்த பட்டியல் முறை. தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி என்று நோக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் நோக்கம் அதில் இருந்தால்தான் அது தகுந்ததா என்ற அடுத்த கேள்வியே எழும். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமோ 11ஆம் பிரிவில் 'ஃபேர் யூஸ்' என்று சொல்லி, அமெரிக்கச் சட்டத்தைப் போலவே நான்கு காரணிகளைத் தருகிறது. சிங்கப்பூரும் 2021 சட்டத்தில் 'ஃபேர் யூஸ்' என்ற பெயருக்கே மாறிவிட்டது. யாழ்ப்பாணத்து ஓவியருக்கும் மதுரை ஓவியருக்கும் ஒரே கையேட்டைக் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், கொழும்பு நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய வாதத்தை மதுரைக்காரர் இங்கே நம்பிக்கொண்டிருப்பார்.

பட்டியல் முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மெரினாவின் உழைப்பாளர் சிலையே நல்ல எடுத்துக்காட்டு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கிறது. அப்படிப்பட்ட சிற்பத்தை ஓவியமாகவோ, கோட்டோவியமாகவோ, ஒளிப்படமாகவோ ஆக்கி வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவிலேயே தனி உட்பிரிவு இருக்கிறது. அங்கே எதையும் நிறுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனால் அப்படி நிற்கும் சிலையைப் பார்த்துச் சின்னச் சிலை வார்த்து விற்பது அந்த உட்பிரிவில் இல்லை. ஓவியர்கள் இந்த உட்பிரிவை அறிந்து வைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். கையேட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஃபேர் டீலிங்' என்பதற்கு 'தகுகையாளல்' என்று வைக்கிறேன். 'தகு' இரண்டிலும் பொதுவாக நிற்கட்டும், பின்னால் வரும் பெயர் வேறுபடட்டும்.

அடுத்தது 'டிரான்ஸ்ஃபர்மேட்டிவ்'. 'உருமாற்றம்' என்ற சொல்லை நான் கடுமையாக எதிர்ப்பது இந்த இடத்தில்தான். 1990இல் நீதிபதி பியர் லெவால் எழுதிய கட்டுரையில் வளர்ந்த கருத்து இது. 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்கொண்டது. புதிய படைப்பு வேறு நோக்கத்தோடோ வேறு தன்மையோடோ புதிதாக எதையாவது சேர்க்கிறதா என்பதுதான் கேள்வி. 'உரு' என்ற சொல் வந்தவுடன் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? வண்ணத்தை மாற்றினேன், இடவலமாகத் திருப்பினேன், ஃபோட்டோஷாப்பில் ஓவியம் போல ஆக்கினேன், உரு மாறிவிட்டது, ஆகவே தப்பித்தேன். இந்த எண்ணத்துக்கு 2023 மே மாதம் வந்த வார்ஹோல் தீர்ப்பு நேர் பதில்.

ஒளிப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் இசைக் கலைஞர் பிரின்ஸைப் படம் எடுத்தார். 1984இல் 'வேனிட்டி ஃபேர்' இதழ் 400 டாலர் கொடுத்து, அதை வைத்து ஒரே ஒரு முறை ஓவியம் வெளியிட அனுமதி வாங்கியது. வரைந்தவர் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல். அவர் ஒன்றோடு நிற்காமல் அதே படத்திலிருந்து மொத்தம் 16 படைப்புகள் செய்தார். 2016இல் பிரின்ஸ் இறந்தபோது, அவற்றில் ஆரஞ்சு நிறத்தில் இருந்த ஒன்றை அந்த இதழை நடத்தும் கோண்டே நாஸ்ட் நிறுவனம் சிறப்பிதழின் அட்டையில் போட்டு, வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. உரு மாறவில்லையா என்றால் நன்றாகவே மாறியிருந்தது. தட்டையான நிறம், வெட்டி எடுத்த தலை, வார்ஹோல் கை என்று பார்த்ததும் தெரியும். அப்படியும் 7–2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம், பயன்பாட்டின் நோக்கத்தைப் பார்க்கும் முதல் காரணியில் கோல்ட்ஸ்மித் பக்கமே நின்றது. இரண்டு படமும் பிரின்ஸைப் பற்றிய பத்திரிகைச் செய்திக்கு அவர் முகத்தைத் தருவதற்காகப் பயன்பட்டவை, நோக்கம் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் வணிகம் என்றார் நீதிபதி சோட்டோமேயர். வார்ஹோலின் சூப் டப்பா ஓவியங்கள் அப்படி அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. டப்பாவின் சின்னம் சூப்பை விற்க வந்தது, ஓவியம் அதற்கு வரவில்லை. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. நீதிபதி கேகன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, இது கலையின் வளர்ச்சியைத் தடுக்கும் என்று ஆவேசமாக வாதிடுகிறது, அதையும் படிக்க வேண்டும். ஆனாலும் 400 டாலர் வாங்கிய ஒளிப்படக்காரர் இரண்டாம் முறையும் ஏதாவது பெற்றிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆகவே 'நோக்குமாற்றப் பயன்பாடு'. 'நோக்கு' என்பது பார்வையையும் குறிக்கும், நோக்கத்தையும் குறிக்கும். இங்கே இரண்டும் வேண்டும். 'மறுபடைப்பு' என்று ஒருவர் சொன்னதும் இதனால்தான் ஒத்துவராது. தீர்ப்பு கேள்விக்கு உட்படுத்தியது 2016இல் கொடுத்த அந்த ஒரு உரிமத்தை மட்டும்தான். அந்த 16 படைப்புகளை வார்ஹோல் செய்தது சரியா, அருங்காட்சியகத்தில் மாட்டலாமா என்பது பற்றிக் கருத்தே சொல்லவில்லை. அதே படம் சுவரில் ஒரு மாதிரியும் அட்டைப்படத்தில் வேறு மாதிரியும் முடிவு பெறலாம். எனவே சொல்லின் கடைசியில் 'படைப்பு' வரக் கூடாது, 'பயன்பாடு' என்றுதான் நிற்க வேண்டும்.

'டெரிவேட்டிவ் ஒர்க்' என்பதற்கு நமக்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல்நூலை ஒட்டி வந்து, வேண்டிய வேறுபாடு கொண்டது வழிநூல். 'முதற்படைப்பு', 'வழிப்படைப்பு' என்று வைத்துவிடலாம். ஒளிப்படத்தைப் பார்த்துச் செய்த சிற்பம், நாவலை ஒட்டி வரைந்த படக்கதை எல்லாம் வழிப்படைப்பு. அமெரிக்கச் சட்டத்தில் இதன் வரையறைக்குள்ளேயே 'டிரான்ஸ்ஃபார்ம்' என்ற சொல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'உருமாற்றம்' என்ற சொல்லுக்கு நியாயமான இடம் அங்கேதான். உருவை மாற்றிச் செய்யும் உரிமை முதற்படைப்பாளியுடையது. அதையே தகுபயன்பாட்டின் அடையாளமாகவும் சொன்னால் ஒரே சொல்லால் உரிமையைக் கொடுத்து, அதே சொல்லால் பறித்துக்கொண்டவர்கள் ஆவோம்.

'பதிப்புரிமை' என்ற சொல்லையே 'படைப்புரிமை' என்று மாற்றலாமே என்ற யோசனையை இப்போது எடுக்க வேண்டாம். 'பதிப்பு' ஓவியருக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தொட்டால் 'காப்புரிமை' (பேட்டன்ட்) சண்டையும் கூடவே வந்துவிடும்.

கையேட்டில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தில் இவற்றை வைத்துப் பார்க்கிறேன்: "இன்னொருவர் ஒளிப்படத்திலிருந்து நீங்கள் வரைந்தது வழிப்படைப்பு, அனுமதி வாங்குங்கள். இலங்கையில் அது தகுபயன்பாடு என்று வாதிட வேண்டுமானால், நோக்குமாற்றம் எங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். இந்தியாவில் தகுகையாளல் என்று சொல்ல, முதலில் உங்கள் நோக்கம் பட்டியலில் இருக்க வேண்டும்."

படிக்க ஓடுகிறது என்றே நினைக்கிறேன். 'தகுகையாளல்' மட்டும் வாயில் கொஞ்சம் இடறுகிறது. 'தகு'வை விடாமல் இதைவிட நன்றாக ஒலிக்கும் சொல் இருந்தால் எழுதுங்கள், அப்புறம் நான்கையும் சேர்த்தே முடிவு செய்யலாம்.

அன்புடன்.