நடுநிலை நாட்டில் முதல் உலகப் போர் நினைவுக்கல் எப்படி வந்தது?

ஓடென்சே மாணவன்:
எல்லோருக்கும் வணக்கம். டென்மார்க்கின் ஓடென்சேயில் படிக்கிறேன், வந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் நண்பர்களோடு ஆல்ஸ் தீவுப் பக்கம் போயிருந்தேன். ஒரு கிராமத்துத் தேவாலய வளாகத்தில் ஒரு கல். 1914–1918 என்று பொறித்து, கீழே வரிசையாகப் பெயர்கள். சின்ன ஊர்தான், ஆனால் பெயர்கள் இருபதுக்கு மேல். பெரும்பாலும் டேனிஷ் பெயர்கள். முதல் உலகப் போரில் டென்மார்க் நடுநிலை நாடு என்றுதானே படித்தோம்? அப்புறம் இவர்கள் யாருக்காகச் செத்தார்கள்? கோபன்ஹேகன்காரனான என் வகுப்புத் தோழனைக் கேட்டால், "அது தெற்குக்காரர்கள் கதை" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

கல்வெட்டுப்பிரியன்:
ஜெர்மனிக்காக. 1864இல் ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் அந்தப் பகுதியைப் பிடுங்கினார், 1920இல் திரும்பி வந்தது. நடுவில் அந்த ஊர்க்காரர்கள் ஜெர்மன் குடிமக்கள், ஆகவே ஜெர்மன் படை. அவ்வளவுதான்.

ஆல்ஸ் பாலத்தடி:
தம்பி, கல்வெட்டுப்பிரியன் சொன்னது சரிதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்"தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சண்டர்போர்க்கில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறேன். 1864 போரில் டேனிஷ் படை அரண் கட்டி நின்ற டூபல் குன்று என் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை, அங்கே போய் வருகிறவர்களோடு கதைத்துக் கதைத்தே பாதி டேனிஷ் படித்தேன்.

பிஸ்மார்க் பிடுங்கினார் என்பது உண்மை. ஆனால் பிடுங்கக் கதவைத் திறந்துவிட்டது கோபன்ஹேகன். அந்தப் பகுதி ஷ்லெஸ்விக், அதற்குத் தெற்கே ஹோல்ஸ்டைன். இரண்டையும் டென்மார்க் அரசர்தான் ஆண்டார், ஆனால் அரசராக அல்ல, கோமகனாக. ஹோல்ஸ்டைன் ஜேர்மன் கூட்டமைப்பிலும் இருந்தது, ஷ்லெஸ்விக் இல்லை. ஷ்லெஸ்விக்கின் வடக்கில் டேனிஷ், தெற்கில் ஜேர்மன், நடுவில் இரண்டும் கலந்த சனம். இதற்காக 1848இல் ஒரு போர் நடந்தது. பிறகு 1852இல் லண்டனில் வல்லரசுகள் முன்னால் டென்மார்க் ஒரு வாக்குக் கொடுத்தது: ஹோல்ஸ்டைனை விட ஷ்லெஸ்விக்கை நாட்டோடு நெருக்கமாகக் கட்டமாட்டோம் என்று. 1863 நவம்பரில் அரசர் இறந்து புதியவர் வந்த சில நாட்களுக்குள், ஷ்லெஸ்விக்கையும் சேர்த்து ஒரு பொது அரசியலமைப்பில் கையெழுத்துப் போட்டார்கள். வாக்குத் தவறினது டென்மார்க். பிஸ்மார்க்குக்கு வேறு என்ன வேண்டும்? 1864 பெப்ரவரி 1ஆம் திகதி பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் ஐடர் ஆற்றைக் கடந்து வந்தன. ஏப்ரல் 18இல் டூபல் விழுந்தது.

எனக்குப் போரை விட அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. டூபல் விழுந்து ஒரு வாரத்தில் லண்டனில் மாநாடு கூடியது. ஷ்லெஸ்விக்கைப் பிரிப்போம் என்று பேச்சு. பிரஷ்யா காட்டிய கோடு ஓபன்ரோவுக்கும் டோன்டருக்கும் நடுவே, வடக்கில். டேனிஷ்காரர் ஏற்கத் தயாராக இருந்த கோடு எவ்வளவோ தெற்கே, ஷ்லை கடற்கழி ஓரம். சரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மத்தியஸ்தர் கோடு போடட்டும் என்று பிரித்தானியா சொன்னது. கோபன்ஹேகன் மாட்டேன் என்றுவிட்டது. ஜூன் 25இல் மாநாடு கலைந்தது. 29ஆம் திகதி விடியுமுன் பிரஷ்யப் படை படகுகளில் ஆல்ஸ் நீரிணையைத் தாண்டி ஆல்ஸ் தீவில் இறங்கியது. ஒக்டோபர் 30, வியன்னா ஒப்பந்தம். மொத்தமும் போய்விட்டது, ஹோல்ஸ்டைன், லாவென்பர்க் உட்பட. எல்லை வடக்கே கோங்கெ ஆற்றுக்கு வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் மேசையில் கிடந்த எந்தக் கோடும் இதைவிட மேல். இன்றைய எல்லைகூட அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான் போகிறது, தம்பி, வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

அந்தக் கல்லில் இருப்பவர்கள் இந்த மறுப்புக்குப் பிறகு பிறந்தவர்கள். வடக்கு ஷ்லெஸ்விக்கிலிருந்து முப்பதாயிரம் பேர் வரை ஜேர்மன் சீருடையில் போனார்கள், ஐயாயிரத்துக்கு மேல் திரும்பவில்லை. என் பக்கத்து வீட்டுக் கிழவரின் தாத்தா பிரான்சிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுவாராம். பள்ளிக்கூடத்தில் படித்தது ஜேர்மன், ஆனால் கடிதம் டேனிஷில்தான். எழுத்துப்பிழை பார்த்துப் பேரன் இன்னும் சிரிக்கிறார்.

கல்வெட்டுப்பிரியன்:
ஐயா, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். 1918இல் ஜெர்மனி தோற்றுக் கிடந்தது. டென்மார்க் கேட்டிருந்தால் இன்று எல்லைக்குத் தெற்கே இருக்கும் ஃபிளென்ஸ்பர்க் நகரம் என்ன, முழு ஷ்லெஸ்விக்கும் கிடைத்திருக்குமே?

ஆல்ஸ் பாலத்தடி:
கேட்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். பெரிய பதவியிலேயே இருந்தார்கள், வருகிறேன்.

1920இல் எல்லையை முடிவுசெய்தது சனத்தின் வாக்கெடுப்பு. அது புது யோசனை இல்லை. 1866இல் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் அடிபட்டுச் செய்த பிராக் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவிலேயே, வடக்கு ஷ்லெஸ்விக் சனத்தைக் கேட்டுத் தீர்மானிப்போம் என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை. 1878இல் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் அடித்துவிட்டார்கள். ஆக, தாளில் எழுதினதற்கும் பெட்டியில் வாக்கு விழுந்ததற்கும் நடுவில் 54 வருடம்.

1920 பெப்ரவரி 10, வடக்கிலிருந்த முதல் வலயம்: ஏறக்குறைய 75 வீதம் டென்மார்க்குக்கு. மார்ச் 14, ஃபிளென்ஸ்பர்க் அடங்கிய இரண்டாம் வலயம்: 80 வீதம் ஜேர்மனிக்கு. அப்போதைய பிரதமர் சாலெ, சரி, சனம் சொல்லிவிட்டது என்றார். அரசர் பத்தாம் கிறிஸ்டியானுக்கு ஃபிளென்ஸ்பர்க் வேண்டும். மார்ச் கடைசியில் பிரதமரையே வீட்டுக்கு அனுப்பினார். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் என்று கிளம்ப, ஒரு வாரத்தில் அரசர் இறங்கிவந்தார். அந்த யூலையில் வெள்ளைக் குதிரையில் பழைய எல்லையைத் தாண்டி வந்த அதே அரசர்தான். குதிரைப் படம் எல்லா வீட்டிலும் இருக்கும், மற்றக் கதையை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

ஃபிளென்ஸ்பர்க் அம்மா:
குறுக்கிடுகிறேன். முதல் வலயத்தில் வாக்குகளை மொத்தமாகக் கூட்டினார்கள், இரண்டாவதில் ஊர் ஊராக. அது நியாயமா? டோன்டர் நகரத்தில் முக்கால்வாசிப் பேர் ஜேர்மனிக்குப் போட்டும் டென்மார்க்குக்குப் போனார்கள். இங்கே என் அயலவர்கள் இன்னும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஆல்ஸ் பாலத்தடி:
நியாயம் இல்லைத்தான் தங்கச்சி. டோன்டர் மட்டுமா, என் ஊர் சண்டர்போர்க்கே அன்று ஜேர்மனிக்குத்தான் பாதிக்கு மேல் போட்டது. நகரங்களைச் சுற்றியிருந்த கிராமங்கள் டேனிஷ், ஊர் ஊராக எண்ணியிருந்தால் எல்லை கிழிந்த பாய் மாதிரி இருந்திருக்கும். ஆனால் அந்தக் குறையை வைத்து எல்லையை இழுத்துப் பறிக்காமல் விட்டார்கள் பாருங்கள். 1946இல் பிரித்தானியா டென்மார்க்கிடம், எல்லையை மாற்ற வேண்டுமா என்று கேட்டது. ஜேர்மனி தரைமட்டமாகக் கிடந்த நேரம். டென்மார்க் வேண்டாம் என்றது. 1864இல் மாட்டேன் என்ற அதே ஊர், இந்த முறை வேறு காரணத்துக்காக மாட்டேன் என்றது.

ஃபிளென்ஸ்பர்க் அம்மா:
அது சரி. 1955இல் இரண்டு அரசுகளும் பிரகடனம் செய்தன, யார் எந்த இனம் என்பதை அவரவரே சொல்லலாம், அதிகாரி சோதிக்கக்கூடாது என்று. இங்கே ஜேர்மன் பக்கத்தில், சட்டசபைக்குள் போக 5 வீத வாக்காவது வேண்டும் என்ற தடையும் டேனிஷ் சிறுபான்மைக் கட்சிக்குக் கிடையாது. என் மகள் டேனிஷ் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், வீட்டில் தமிழ். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கம்.

ஓடென்சே மாணவன்:
அந்தக் கல்லைப் படம் எடுத்திருக்கிறேன், இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருகிறது. ஐயா, மறுபடி வந்தால் டூபலைக் காட்டுவீர்களா?

ஆல்ஸ் பாலத்தடி:
வாருங்கள். வெறும் வயிற்றோடு வாருங்கள். ஜேர்மன் காலத்தில் டேனிஷ் சங்கங்களின் கூட்டத்துக்கு மது உரிமம் கொடுக்கவில்லையாம், அதனால் கோப்பியும் கேக்குமாகக் கூடினார்கள். ஏழு மெதுகேக், ஏழு மொறுகேக் என்று கணக்கு. என் பக்கத்து வீட்டுக் கிழவி அந்தக் கணக்கில் ஒன்றும் குறைக்கமாட்டா.