பெரிய வீட்டுச் சொந்தங்கள்: ஐந்தாவது போல்ட்

அண்ணன் 10:42
விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி நிற்கிறோம். போலோவில் பின்பக்க இடது டயர் பஞ்சர். 4 போல்ட் வந்துவிட்டது, ஐந்தாவது அசைய மாட்டேன் என்கிறது. சித்தப்பா, இருக்கிறீர்களா?

அம்மா 10:43
ஐயோ. பாப்பா எங்கே? வெயிலில் நிற்க விடாதீர்கள்.

அண்ணி 10:43
ரோட்டை விட்டுத் தள்ளி மரத்தடியில் இருக்கிறோம் அத்தை. முறுக்கு பாதி டப்பா காலி.

சித்தப்பா 10:45
இருக்கிறேன். ஜாக்கியில் நிற்கிறதா வண்டி? முதலில் இறக்கு. தூக்கிய வண்டியில் பலம் போட்டால் ஜாக்கி சரியும். கழற்றிய நாலையும் திரும்ப மாட்டி இறுக்கு.

அண்ணன் 10:46
கழற்றியதையே மாட்டவா?

சித்தப்பா 10:46
ஆமாம். இப்போது பாரம் முழுக்க அந்த ஒரு போல்ட் மேல். மற்ற நாலும் பிடித்தால்தான் அது கொஞ்சம் தளரும். போல்ட் மண்டையைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடு.

அண்ணன் 10:51
📷 படம்

சித்தப்பா 10:53
மூலை எல்லாம் மழுங்கிவிட்டதே. என்ன ஸ்பேனர் போட்டாய்?

அண்ணன் 10:53
லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி உதவினார். அவரிடம் இருந்தது 19 எம்எம்.

சித்தப்பா 10:54
போலோவுக்கு 17. நல்ல மனிதர், நன்றி சொல்லி ஸ்பேனரைக் கொடுத்துவிடு. இனி அதைத் தொடாதே.

மாமா 10:55
கோலா ஊற்றினால் துரு விட்டுவிடும் என்று ஒரு வீடியோ வந்ததே?

சித்தப்பா 10:55
அதைப் பாப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள் மச்சான்.

நான் 10:56
துரு இளக்கும் ஸ்ப்ரே, டபிள்யூடி-40?

சித்தப்பா 10:57
ஊறினால் உதவும், ஆனால் இது துரு இல்லை. யாரோ ஏர் கன்னில், அதுதான் காற்றழுத்தத்தில் திருகும் மெஷினில், அடித்து இறுக்கிய வேலை. பக்கத்தில் பஞ்சர் கடை இருக்கிறதா பார்.

அண்ணன் 11:20
ஒரு பையன் பைக்கில் வந்திருக்கிறான். மண்டை மேல் நட் வைத்து வெல்டிங் அடிக்கலாமா என்கிறான்.

சித்தப்பா 11:20
வேண்டவே வேண்டாம்!! டயர் மாட்டியிருக்கும்போது வீலில் நெருப்பே கூடாது. பஞ்சர்தானே என்று நினைக்காதே, உள்ளே ரப்பர் பொசுங்கி வாயு சேர்ந்தால் வெடிக்கும். அவனிடம் 16 சாக்கெட் இருக்கிறதா? ஆறு முனை உள்ளது. பன்னிரண்டு முனை வழுக்கும்.

அண்ணன் 11:22
இருக்கிறது.

சித்தப்பா 11:24
மழுங்கிய மண்டை மேல் அதைச் சுத்தியால் அடித்து இறக்கு, நேராக. கைப்பிடி உனக்கு இடது பக்கம், தரைக்குச் சமமாக இருக்கட்டும். மூன்றடி பைப் சொருகிக் கீழே அழுத்து. உதைக்காதே, வெட்டி இழுக்காதே. பையன் சாக்கெட்டை வீலோடு சேர்த்துப் பிடிக்கட்டும்.

நான் 11:25
உடைந்துவிட்டால்?

சித்தப்பா 11:27
உடைந்தால் வீல் கையோடு வந்துவிடும். இழுத்துப் பிடிப்பது மண்டைதான். அது போனால் வீல் மாட்டும் ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை வைஸ் கிரிப்பில் (கவ்வியதும் பூட்டிக்கொள்ளும் பிளையர்) பிடித்தே பெரும்பாலும் திருகி எடுத்துவிடலாம். உன் ஸ்விஃப்டில் கதை வேறு, அதில் ஹப்பிலேயே பதிந்த ஸ்டட்டும் மேலே நட்டும். உடைந்த ஸ்டட்டைப் பின்பக்கம் தட்டி எடுத்துப் புதிது போடுவார்கள்.

அண்ணன் 11:41
வந்துவிட்டது!!! பைப் வளைகிறது என்று நினைத்தேன், டக்கென்று ஒரு சத்தம், அரை அடி இறங்கியது. மரையில் சுருள் சுருளாக இரும்பு ஒட்டியிருக்கிறது.

அம்மா 11:41
முருகா.

அண்ணி 11:42
போன மாதம் அலைன்மென்ட் பார்த்த கடையில்தான் கன் போட்டார்கள். டர்ர்ர் என்று அடித்தார்களே, நான் அப்போதே சொன்னேன்.

சித்தப்பா 11:44
போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர் போதும். 60 கிலோ ஆள், போல்ட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரில் ஏறி நிற்கிற பலம்தான் அது. கன்னால் லேசாக ஏற்றிவிட்டு, அளவு வைத்து இறுக்கும் டார்க் ரென்ச்சில் முடிக்க வேண்டும். எத்தனை கடையில் அது இருக்கிறது சொல்!

நான் 11:45
அப்போது அண்ணி ஏறி நின்றால் போதும்.

அண்ணி 11:45
எடையைக் குழுவில் விசாரிக்க வேண்டாம் 😡

சித்தப்பா 11:49
சிரித்தது போதும். அந்தப் போல்ட்டைத் திரும்பப் போடாதே. ஸ்டெப்னியை நாலு போல்ட்டில் மாட்டி, குறுக்கும் மறுக்குமாக இறுக்கு. எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதே. திண்டிவனம் வரை மெதுவாகப் போ. அங்கே புது போல்ட் வாங்கு: எம்14 (14 எம்எம் தடிமன்), 1.5 எம்எம் இடைவெளி மரை, அதே நீளம், மண்டைக்கு அடியில் அதே உருண்டை வளைவு. பழையதைக் கையில் வைத்துக்கொண்டு கேள், வாய்ச்சொல்லில் வாங்காதே. அந்தத் துளையில் கையாலேயே ஏறுகிறதா பார். நடுவில் பிடித்தால் ஹப் மரை போயிருக்கிறது, பட்டறையில் காட்டு.

அண்ணன் 1:10
கிடைத்தது. கையாலேயே ஏறியது. இரண்டாகவே வாங்கிவிட்டேன்.

சித்தப்பா 1:12
நல்லது. வீட்டுக்கு வந்து ஐந்தையும் ஒருமுறை இறுக்கிப் பார். பையனுக்குக் காசு கொடுத்தாயா?