ஏழாம் வகுப்பு அறிவியலை இணையத்தில் வாசிக்க வைத்தவர்கள் பகிருங்கள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு:

எங்கள் ஏழாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார்கள். முடித்ததும் "என்னம்மா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் அதே வரியை மறுபடி வாசிப்பார்கள். இதைத் தமிழாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது. கதையை வாசிப்பது ஒன்று, அறிவியல் பாடத்தை வாசிப்பது வேறொன்று. வரையறை, காரணம், எடுத்துக்காட்டு எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். பக்கத்தில் படம் வேறு, அதற்குக் குறியிட்ட பாகங்கள் வேறு.

தாவரங்களின் மாற்றுருக்கள் பாடத்தில் பற்று வேர்கள் வரும். காபித் தோட்டத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி அந்தப் பத்தியைப் பிழையில்லாமல் வாசித்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. புத்தகத்தை மூடச் சொல்லி, "சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி எப்படிடா ஏறுது?" என்றேன். "கணுவுக்குக் கணு குட்டி வேரு விட்டுப் பட்டையப் புடிச்சுக்கும் மிஸ், இழுத்தா பட்டையோட பிஞ்சு வரும்" என்றாள். பாடநூல் சொன்னதைவிட அதிகம்! புத்தகத்தைத் திறந்து திரும்ப வாசித்தபோது அந்த வரியை அவளே விளக்கினாள்.

அன்றிலிருந்து இணையத்தில் எதை எடுத்தாலும் பிள்ளைகளுக்கு அந்தப் பொருள் தெரிந்ததா என்றுதான் முதலில் பார்க்கிறேன். வாசிப்பு நிலையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் நடுநிலை வகுப்பு மாணவர்களிடம் இதையே சோதித்திருக்கிறார்கள். பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியில், வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

நான் அதிகம் எடுப்பது பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் புத்தகத் தளத்திலிருந்து. 2015இல் தொடங்கியது, இலவசம். தமிழில் தேடலாம், நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புக்கு மூன்றும் நான்கும் சரியாக இருக்கும். மலையில் மூடுபனியும் மழையும் சேர்ந்துவிட்டால் நெட் போய்விடும் என்பதால் வீட்டிலேயே பிடிஎஃப் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகிறேன். திரையில் முதலில் படத்தை மறைத்துவிடுவேன். எழுத்தை மட்டும் வாசித்து அவர்களே படம் வரைய வேண்டும். பிறகு மறைத்ததைத் திறந்து, "நீ எதை விட்டுட்ட? எந்த வரியில இருக்கு?" என்று தேட வைப்பேன். வகுப்பே பரபரக்கும் நேரம் அது. வரைய முடியாத வரிதான் புரியாத வரி என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சூரமங்கலத்துக்காரன்:

டீச்சர் சொல்றது நூத்துக்கு நூறு. எங்களுது டவுன்ல ஆங்கில வழி வகுப்புங்க. ரீட்வொர்க்ஸ்ல இருந்து பத்தி எடுப்பேன். அமெரிக்கத் தளம், ஆசிரியர்களுக்கு இலவசம். ஒலியாவும் கேட்கலாம், வரிகளுக்கு வண்ணம் பூசலாம். பனி உறைஞ்ச ரோட்டுல உப்புத் தூவுறதப் பத்தி ஒரு பத்தி கொடுத்தப்ப பசங்க கேள்விக்கெல்லாம் சரியா டிக் அடிச்சாங்க. ஆனா கேள்வியில இருக்கிற சொல் பத்தியில எங்க வருதுன்னு தேடித்தான் அடிச்சிருந்தாங்க. உப்பு ஏன் தூவுறாங்கன்னு வாயால கேட்டா யாருக்கும் பதில் வரல. சேலத்து வெயில்ல வளர்ற புள்ளைங்களுக்கு ரோட்டுல பனி எங்கிருந்து வரும்?

அப்புறம் அதே கேள்வி அமைப்பை வச்சுக்கிட்டு, நம்மூர்ல கிடைக்கிற மாக்னசைட்ங்கிற தாதுக்கல்லப் பத்தி நானே ஒரு பக்கம் எழுதினேன். மாக்னசைட்டைச் சூளையில சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். கடும் வெப்பம் தாங்கும், அதனால எஃகு உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய ஆகும். "நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்" பாடத்தோட அப்படியே பொருந்துச்சு. ஒரு பையனோட அப்பா செங்கல் கம்பெனியில வேலை. எப்பவும் வாய் திறக்காதவன், அன்னைக்கு "சுட்டப்புறம் பழைய கல்லா மாறாதுல்ல சார், அப்ப வேதியியல் மாற்றம்தானே?"ன்னு கேட்டான். என் பாடக்குறிப்பேட்டுல அந்த நாளை எழுதி வச்சிருக்கேன்.

வாழப்பாடி டீச்சர்:

பிள்ளைகள் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் கூகுளின் ரீட் அலாங் செயலியை நான் பயன்படுத்துகிறேன். 2019இல் போலோ என்ற பெயரில் வந்ததே அதுதான். தமிழ் உண்டு. புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டால் நெட் வேண்டாம். எழுத்துக்கூட்டும் நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு நல்ல துணை. ஆனால் அது கவனிப்பது உச்சரிப்பை மட்டுமே, புரிந்ததா என்று நாம்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, ஏழாம் வகுப்புப் பையன்கள் சின்னப் பிள்ளைகளின் செயலியை எல்லார் முன்னாலும் திறக்க மாட்டார்கள். அந்த வயசுக்கு மானம் பெரிசு. மதிய இடைவேளையில் தனியாக ஹெட்போனோடு கொடுங்கள், வருகிறார்கள்.

மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு:

தனியாகக் கொடுப்பது மிகச் சரி டீச்சர், நாளையே செய்கிறேன். சூரமங்கலம் சாருக்கு ஒன்று: ஸ்டோரிவீவரில் பெரும்பாலான புத்தகங்களுக்குத் திறந்த உரிமம் உண்டு. மூலம் யாருடையது என்று குறிப்பிட்டுவிட்டு நாமே மாற்றி எழுதலாம். நான்காம் நிலைப் புத்தகம் ஒன்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதச் சொல்லி என் ஏழாம் வகுப்பிடம் கொடுத்திருக்கிறேன். எந்த வரியை விடலாம், எதை விட்டால் காரணமே அறுந்துபோகும் என்று குழுவாக உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். உங்கள் மாக்னசைட் பக்கத்தையும் இப்படிச் சுருக்கப் பார்க்கிறோம். தமிழில் இருந்தால் அனுப்புங்கள் சார்.