பொருள்: மறுமொழி: நுண்ணோக்கிப் படங்களுக்கு 'கேலிபிரேஷன்': அளவுத்திருத்தமா, அளவூட்டலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இமேஜ்-ஜே என்ற பட அளவீட்டு மென்பொருளின் தமிழ்க் கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'கேலிபிரேஷன்' என்பதற்கு நேரே 'அளவுத்திருத்தம்' என்று இட்டிருக்கிறோம். தராசுக்கும் அழுத்தமானிக்கும் அது பொருந்தும். அவை ஏற்கெனவே ஓர் எண்ணைக் காட்டுகின்றன. படிக்கல்லை வைத்துப் பார்த்துப் பிழையிருந்தால் திருத்துகிறோம். நுண்ணோக்கிப் படத்தில் திருத்த எதுவும் இல்லை. கேமரா தருவது படப்புள்ளிகளை (பிக்சல்களை) மட்டுமே. ஒரு சிவப்பணு 46 படப்புள்ளி அகலம் என்று மென்பொருள் சொன்னால் அது தவறான விடை அன்று. நீளமாக மாறாத விடை, அவ்வளவுதான்.

செய்முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கிக் கோடு கீறிய கண்ணாடித் தகட்டை (ஆய்வகத்தில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்றே சொல்கிறோம்) அதே பொருளருகு வில்லையில் (மாதிரிக்கு அருகே இருக்கும் 'ஆப்ஜெக்டிவ்') படம்பிடிக்கிறோம். படத்தின் மேல் நேர்கோடு இழுத்து, 'செட் ஸ்கேல்' கட்டளையில் அதன் உண்மை நீளத்தையும் அலகையும் தருகிறோம். 40 மடங்கு வில்லை, 6.5 மைக்ரோமீட்டர் படப்புள்ளி கொண்ட கேமரா, இடையில் வேறு வில்லை இல்லை என்றால், 200 மைக்ரோமீட்டர் நீளம் ஏறத்தாழ 1230 படப்புள்ளிகளாக வரும். ஒரு படப்புள்ளி சுமார் 0.163 மைக்ரோமீட்டர். கோட்டை நீளமாக இழுப்பது முக்கியம். இரு முனையிலும் ஒவ்வொரு படப்புள்ளி பிசகினால் இங்கே பிழை 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. தகட்டின் ஒரே ஒரு கூறு இடைவெளியை, அதாவது 10 மைக்ரோமீட்டரை மட்டும் அளந்திருந்தால் அதே பிசகு 3 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

ஆகவே என் பரிந்துரை 'அளவூட்டல்'. குளிரூட்டல், வண்ணமூட்டல், மின்னூட்டம் எல்லாவற்றிலும் இல்லாத ஒன்றைத்தான் ஊட்டுகிறோம். வினையாகவும் எளிதில் வளைகிறது: படத்தை அளவூட்டு, அளவூட்டிய படம், அளவூட்டாத படம். 'அளவுத்திருத்தம் செய்யப்படாத படம்' என்று ஒரு முறை கையேட்டில் தட்டச்சு செய்து பாருங்கள், என் பொறுமையின்மை புரியும்.

> 'அளவுகோடிடல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வெப்பமானிக்கு அது அழகான சொல். பனிக்கட்டி உருகும் நிலையையும் நீர் கொதிக்கும் நிலையையும் குறித்து, இடையில் உண்மையாகவே கோடு இடுகிறோம். படத்தில் கோடு இடுவது கடைசி வேலை. மூலையில் '20 மைக்ரோமீட்டர்' என்று வரும் அந்தத் தடித்த கோடு. அதற்கு 'அளவுக்கோடு' என்று முன்பே ஒப்புக்கொண்டோம். இரண்டு வேலைக்கும் கோடு வந்தால் மாணவர்கள் கோட்டை மட்டும் ஒட்டிவிட்டுப் படம் தயார் என்று நினைப்பார்கள்.

> ஐயா, ஊட்டல் என்றால் மனம்போன எண்ணையும் ஊட்டலாம் என்று தொனிக்கிறதே?

தொனிக்கட்டும். மென்பொருள் அப்படித்தான் நடந்துகொள்கிறது! நீங்கள் தரும் எண்ணை அது சரிபார்ப்பதே இல்லை. 20 மடங்கு வில்லைக்கு அளவூட்டி, 'குளோபல்' என்ற பெட்டியில் குறியிட்டுவிட்டு, 40 மடங்குப் படத்தைத் திறந்தால் அதற்கும் பழைய அளவே ஏறிவிடும். ஏழெட்டு மைக்ரோமீட்டர் இருக்க வேண்டிய மனிதச் சிவப்பணு பதினைந்தாகப் பெருத்து நிற்கும். மென்பொருள் வாய் திறக்காது. 'திருத்தம்' என்ற சொல்தான் இங்கே ஆபத்தானது, யாரோ சரிசெய்து வைத்திருக்கிறார்கள் என்ற பொய்யான நிம்மதியைத் தருகிறது.

'செட் ஸ்கேல்' கட்டளையை 'அளவு அமை' என்று நேராக மாற்ற வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. இமேஜ்-ஜேயில் வெறும் 'ஸ்கேல்' என்று தனிக் கட்டளை இருக்கிறது. அது படத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். 'கேலிபிரேட்' என்றும் ஒன்று உண்டு. அது நீளத்தைத் தொடுவதில்லை, சாம்பல்நிற மதிப்புகளை ஒளியடர்த்தி போன்ற அளவுகளோடு இணைக்கிறது. இவற்றுக்கு 'அளவு அமை', 'அளவு மாற்று', 'அளவுத்திருத்து' என்று வைத்தால் மூன்றும் ஒன்றுபோலவே காதில் விழும். 'நீள அளவூட்டல்', 'படத்தின் பருமன் மாற்றல்', 'சாம்பல்மதிப்பு அளவூட்டல்' என்றால் குழப்பம் இல்லை. 'ரிமூவ் ஸ்கேல்' பொத்தானுக்கு 'அளவூட்டம் நீக்கு'.

நுண்ணோக்கியா நுணுக்குக்காட்டியா என்ற விவாதத்தை இந்த இழையில் இழுக்காதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். இலங்கை நண்பர்கள் தங்கள் பதிப்பில் நுணுக்குக்காட்டி என்றே வைத்துக்கொள்ளட்டும், அளவூட்டல் இரண்டோடும் பொருந்தும்.

முடிவாகாமல் இருப்பது ஒன்றுதான். ஒரு படப்புள்ளிக்கு இத்தனை மைக்ரோமீட்டர் என்ற அந்த எண்ணுக்குப் பெயர் வேண்டும். 'அளவூட்டக் கெழு' என்று எழுதிப் பார்த்தேன். கெழு என்றதும் மாணவர்கள் இயற்கணிதத்துக்குப் போய்விடுகிறார்கள். 'புள்ளியளவு' எப்படி?