கண்ணில் படாமல் போன சோதனைகள்: தேடியவர்கள் சொல்லுங்கள்

முதுகலை மாணவி (தொடக்கப் பதிவு)

முறைசார் மீளாய்வு ஒன்றை, அதாவது ஒரு கேள்விக்கு வெளியான ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் வேலையை, முதன்முறையாகச் செய்துகொண்டிருக்கிறேன். கர்ப்பகால இரத்தசோகைக்கு இரும்புச்சத்தை மாத்திரையாகக் கொடுப்பது மேலா, ஊசி வழியாகச் செலுத்துவது மேலா என்பது கேள்வி. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடல் வரியை எழுதி ஓட்டியதும் 386 கட்டுரைகள் வந்தன. இரண்டு வார இறுதிகளில் சலித்து முடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு, பட்டியலை வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. தமக்குத் தெரிந்த ஒரு கட்டுரையைச் சொல்லி, "இது இருக்கிறதா, பாருங்கள்" என்றார். இல்லை.

காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. அனீமியா என்ற சொல்லைப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் மட்டும் எழுதியிருந்தேன். அமெரிக்கர்கள் அதில் ஓர் எழுத்தை விட்டுவிடுவார்கள். சொல்லை வெறுமனே தட்டியிருந்தால் பப்மெட் தானாகவே இரண்டையும் சேர்த்துக்கொண்டிருக்கும். நானோ கெட்டிக்காரத்தனமாக, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று குறி போட்டிருந்தேன். அப்படிக் குறி போட்டால் அந்த உதவி நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஓர் எழுத்துக்காக எத்தனை கட்டுரைகள் போயின என்று எண்ணவே பயமாக இருக்கிறது.

உங்களுக்கு இப்படி எது நழுவியது? எப்படித் தெரியவந்தது?

மருத்துவ நூலகர்

பயப்படாதீர்கள், அம்மா. எழுத்துக்கூட்டில் வழுக்கி விழாத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது. கூடவே மெஷ் தலைப்பையும், அதாவது கட்டுரையின் பொருளைக் குறிக்கப் பதிவில் ஒட்டப்படும் நிலையான சொல்லையும், சேர்த்துத் தேடியிருந்தால் பாதி தப்பித்திருப்பீர்கள். மெஷ் எழுத்துக்கூட்டைப் பார்க்காது. ஆனால் மெஷ்ஷை மட்டும் நம்பினால், இன்னும் அது ஒட்டப்படாத புதிய பதிவுகள் கைவிட்டுப் போகும். இரண்டும் வேண்டும், இடையில் 'ஆர்' (அல்லது) போட்டு.

என் கதை இதைவிட மோசம். இருபது வரிகளுக்கு மேல் நீண்ட ஒரு தேடலைத் தனிக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் மருத்துவர் ஒருவர் இன்னொரு மருந்தின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். பத்தாவது வரியாக அதைச் செருகினேன். கீழே இருந்த வரிகளெல்லாம் ஓர் எண் தள்ளிப் போயின. ஆனால் மருந்து வரிகளை எண் சொல்லிக் கூட்டும் வரி பழையபடியே '8 முதல் 13 வரை' என்று நின்றது. 14ஆம் வரிக்குத் தள்ளப்பட்ட மருந்து, சத்தமில்லாமல் தேடலைவிட்டு வெளியேறிவிட்டது. இயந்திரம் பிழைச் செய்தி எதையும் காட்டவில்லை. கொடுத்ததைக் கூட்டி ஓர் எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணும் பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது! நான்கு மாதம் கழித்து, கட்டுரைகளைச் சலித்தெடுத்துக்கொண்டிருந்தவர், அந்த மருந்தைப் பற்றி ஒன்றுகூட இல்லையே என்று கேட்டபோதுதான் விழித்தேன். அன்று முதல் இன்னொரு நூலகர் வரி வரியாகப் பார்க்காமல் எந்தத் தேடலையும் ஓட்டுவதில்லை.

பழைய காலத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரிவுகளாகப் பிரித்து மருந்தை ஒப்பிடுவது சமவாய்ப்புச் சோதனை. இன்று 'சமவாய்ப்புச் சோதனை' என்று ஒரு பெட்டியில் சொடுக்கினால் வடிகட்டித் தருகிறது அல்லவா, அந்த முத்திரை பப்மெட்டின் அடிப்படையான மெட்லைன் தரவுத்தளத்தில் 1991இல்தான் வந்தது. அதற்கு முந்தைய சோதனைகள் மற்றக் கட்டுரைகளோடு கட்டுரையாகக் கலந்து கிடந்தன. 1994இல் கே டிக்கர்சினும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்: மெட்லைனிலேயே இருக்கும் சோதனைகளில், தேர்ந்தவர்கள் தேடியும் சராசரியாக ஏறத்தாழப் பாதிதான் அகப்பட்டன. வெளியே இருந்ததைச் சொல்லவில்லை. உள்ளே இருந்ததில் பாதி. முறைசார் மீளாய்வுகளுக்காக 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு, ஆட்களை நூலகங்களுக்கு அனுப்பிப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொன்னது இதனால்தான். அப்படிக் கிடைத்தவை பின்னர் மெட்லைனில் முத்திரை பெற்றன. சோதனைகளுக்கான காக்ரேனின் 'சென்ட்ரல்' பதிவேட்டிலும் சேர்ந்தன.

1990களின் பிற்பகுதியில் நானும் புரட்டியிருக்கிறேன். ஓர் ஆண்டின் இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதி, தலையணை கனம். பொருளடக்கத்தை நம்பக்கூடாது என்பது விதி. ஒருநாள் மதியம், வாசகர் கடிதப் பகுதியில், கால் பக்கத்துக்கும் குறைவான ஒரு கடிதம். தலைப்பில் மருந்தின் பெயர் மட்டும். உள்ளே நான்காவது வரியில், நோயாளிகளை மூடிய உறைகளைக் கொண்டு இரண்டு பிரிவாகப் பிரித்தோம் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார்கள். அதுவும் ஒரு சோதனைதான்! எந்தத் தேடல் வரி அதைப் பிடித்திருக்கும்? நகல் எடுத்தபோது தொகுதியின் தடிமனால் உள்ஓரத்து எழுத்துகள் விழவில்லை. ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு எழுத்துகளையும் பென்சிலால் எழுதி நிரப்பினேன்.

பல் மருத்துவர்

சுருக்கெழுத்தை நம்பி ஏமாந்தவன் நான். சமவாய்ப்புச் சோதனையை ஆர்.சி.டி. என்று எழுதுவது உலக வழக்கம் என்பதால், அந்த மூன்று எழுத்தையும் தேடலில் போட்டேன். எங்கள் துறையில் ஆர்.சி.டி. என்றால் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை. பல் மருத்துவ உலகமே திரண்டு வந்து என் மேசையில் உட்கார்ந்துவிட்டது.

எலும்பியல் மருத்துவர்

எங்கள் துறையில் அதே மூன்று எழுத்து தோள்பட்டைத் தசைநார்க் கிழிசலைக் குறிக்கும். வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

கால்நடை மருத்துவப் பின்னணி உள்ளவர்

எலி, முயல் ஆய்வுகள் வேண்டாம் என்று 'நாட் விலங்குகள்' (விலங்குகளை நீக்கு) என ஒரு வரி சேர்த்தேன். பாதிக்கு மேல் குறைந்தது. வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன். மனிதர்களையும் விலங்குகளையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகளுக்கு இரண்டு மெஷ் தலைப்புகளும் இருக்கும். என் வரி அவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. விலங்கு என்ற தலைப்பு இருந்து மனிதர் என்ற தலைப்பு இல்லாதவற்றை மட்டும் நீக்கு என்று அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். சோதனைகளைத் தவறவிடாமல் பிடிக்கக் காக்ரேன் எழுதி வைத்திருக்கும் உயர் உணர்திறன் வடிகட்டியில் கடைசி வரி அப்படித்தான் இருக்கிறது. அதை ஏன் அவ்வளவு சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள் என்று முன்பு கேலி செய்தவன் நான்.

மருந்தியல் ஆசிரியர்

எழுத்துப் பிழையையும் வடிகட்டியையும் பேசுகிறீர்கள். நான் ஆண்டு வரம்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஓர் உயிர் போயிருக்கிறது.

2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு. ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை, உடல்நலத்தோடு இருந்த தன்னார்வலர்களுக்கு மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். 24 வயதுப் பெண் ஒருவர் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்தார். ஆய்வுக்கு முன் நூல்களைத் தேடத்தான் செய்திருந்தார்கள். ஆனால் பப்மெட்டின் பதிவுகள் அன்று 1966க்குப் பின்னால்தான் போதிய அளவில் இருந்தன. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற செய்தி 1950களின் பத்திரிகைகளில் கிடந்தது.

இதைப் படித்த ஆண்டுதான் நான் என் மாணவர்களுக்கு, "கடைசிப் பத்தாண்டுகளைப் பார்த்தால் போதும்" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய மருந்துக்குப் பழைய கட்டுரைதான் இருக்கும். எளிய விஷயம், எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் வரம்பு போடுகிறேன், ஆனால் மருந்து சந்தைக்கு வந்த ஆண்டு போன்ற ஒரு காரணம் இருந்தால் மட்டும்.

புள்ளியியலாளர்

எல்லோரும் விட்டுப்போனதைச் சொல்கிறீர்கள். எனக்கு இரண்டு தடவை வந்ததால் தொல்லை.

ஒரே மருந்து, இரண்டு கட்டுரைகள், இரண்டு பத்திரிகைகள். ஆசிரியர்களின் பெயர் வரிசை வேறு. ஒன்றில் 60 நோயாளிகள், மற்றதில் 58. இரட்டைப் பதிவுகளை நீக்கும் மென்பொருளுக்கு இவை இரண்டு கட்டுரைகளே, அதன்மேல் குற்றமில்லை. எண்களை அட்டவணையில் ஏற்றும்போது, இரண்டிலும் சராசரி வயது தசமப் புள்ளி வரை ஒன்றாக இருந்தது. திட்ட விலக்கமும் அப்படியே. இரண்டு ஊர்களில் இரண்டு கூட்டங்களுக்கு இப்படி ஒத்துப்போகுமா? ஆசிரியருக்கு எழுதினேன். இரண்டாவது கட்டுரையில் பாதியில் விலகிய இருவரைக் கழித்திருக்கிறோம் என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் கட்டுரையைப் பற்றி இரண்டாவதில் ஒரு சொல்கூட இல்லை.

இது சில்லறைத் தவறு என்று நினைக்க வேண்டாம். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் பற்றி 1997இல் மார்ட்டின் டிராமெர் குழு காட்டியது: இப்படி மறுபடி வெளியான தரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், மருந்தின் பலன் உண்மையைவிட 23% கூடித் தெரிந்தது. நல்ல முடிவு வந்த சோதனைதான் இரண்டு முறை அச்சேறுகிறது. கெட்ட முடிவு ஒரு முறைகூட ஏறுவதில்லை.

அச்சேறாத அந்த இரண்டாவது வகைக்கு, சோதனைகளைத் தொடக்கத்திலேயே பதிந்து வைக்கும் பதிவேடுகள்தான் வழி. கிளினிக்கல்டிரையல்ஸ் டாட் கவ் 2000இல் வந்தது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்யாத சோதனையை அச்சிடமாட்டோம் என்று மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 ஜூலை முதல் நிபந்தனை வைத்தது. அதற்கு முந்தைய காலம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த காலம். மனச்சோர்வுக்கான ரெபாக்செட்டின் மருந்தில் என்ன நடந்தது? 2010இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளிவராத சோதனைகளையும் பெற்று எண்ணியபோது, நோயாளிகளின் தரவில் 74% அச்சிலேயே இல்லை. அச்சில் இருந்ததை மட்டும் கூட்டினால் மருந்து வேலை செய்தது. எல்லாவற்றையும் கூட்டினால் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. நம் தேடல் வரி எவ்வளவு அழகாக இருந்து என்ன? அச்சாகாததைத் தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது?

பொது மருத்துவர்

மாற்றுக் கருத்து சொல்ல அனுமதியுங்கள். ஐந்து தரவுத்தளங்கள், மூன்று பதிவேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள் எல்லாம் தேடினோம். எட்டாயிரம் சுருக்கங்களை இரண்டு பேர் தனித்தனியாகச் சலித்தோம். கருத்து மாறுபட்ட இடங்களில் மூன்றாமவர் தீர்ப்புச் சொன்னார். ஒன்பது மாதம். கடைசியில் தேறியவை பதினொன்று. அவற்றில் பத்து பப்மெட்டின் முதல் தேடலிலேயே வந்தவை. பதினொன்றாவது இருபத்திரண்டு நோயாளிகள் கொண்டது. அது முடிவை இம்மி அளவும் அசைக்கவில்லை. நாங்கள் முடிப்பதற்குள் புதிய சோதனைகள் வந்துவிட்டதால் தேடலை மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. இது அறிவியலா, சடங்கா?

மருத்துவ நூலகர்

டாக்டர், உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. நானும் சில தரவுத்தளங்களைக் கடமைக்காக ஓட்டியதுண்டு. அவசரமாக விடை வேண்டிய கேள்விக்கு இரண்டு இடங்களில் தேடி நிறுத்தலாம், எங்கே நிறுத்தினோம் என்று எழுதிவிட்டால் போதும். ஆனால் பதினொன்றாவது அசைக்காது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? ஒன்பதாவது மாதத்தில். முதல் மாதத்தில் உங்களிடம் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் கட்டியிருப்பீர்களா?

பொது மருத்துவர்

கட்டியிருப்பேன். தோற்கவும் மாட்டேன். ஆனால் அதைக் கட்டுரையில் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்வு உதவியாளர்

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் தேடல் வரி கேட்டேன். நொடியில் தந்தது. அதில் இருந்த மெஷ் தலைப்புகளில் இரண்டு மெஷ்ஷிலேயே கிடையாது. இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும் அளவுக்குப் பொருத்தமான பெயர்கள். ஒத்த சொற்களை யோசிக்க இப்போதும் பயன்படுத்துகிறேன், ஒவ்வொரு தலைப்பையும் மெஷ் அகராதியில் தட்டிப் பார்த்த பிறகு.

முதுகலை மாணவி

எல்லோருக்கும் நன்றி. நூலகர் அம்மா சொன்னபடி வரியைத் திருத்தினேன். இரண்டு எழுத்துக்கூட்டு, மெஷ் தலைப்பு, இரும்பு மருந்துகளின் பெயர்கள், சோதனை வடிகட்டி, விலங்கு வரியில் அடைப்புக்குறி. இப்போது 2,940. வார இறுதிக் கணக்கெல்லாம் போயிற்று. வழிகாட்டி மேலும் ஆறு கட்டுரைகளைக் கொடுத்து, இவை வலையில் விழுகின்றனவா என்று சோதிக்கச் சொன்னார். ஐந்து விழுந்தன. ஆறாவது, இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி பற்றிய 1960களின் கட்டுரை, மெட்லைனில் இருக்கிறது, ஆனால் விழவில்லை. எழுத்துக்கூட்டு சரி, மருந்தின் பெயர் சரி. என்ன செய்ய?

மருத்துவ நூலகர்

அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். சுருக்கம் இருக்கிறதா? மெட்லைனில் சுருக்கங்கள் 1975 முதல்தான் சேர்க்கப்பட்டன. 'சமவாய்ப்பு', 'வெற்று மருந்து', 'பிரிவுகள்' போன்ற சொற்களைச் சுருக்கத்தில் தேடுவதுதான் சோதனை வடிகட்டியின் வேலை. சுருக்கமே இல்லாத பதிவில் அது எதைப் பிடிக்கும்? முத்திரையும் ஒட்டாமல் விட்டிருப்பார்கள்.

முதுகலை மாணவி

அதேதான். கட்டுரையின் தலைப்பு மட்டும் இருக்கிறது, ஐந்து சொற்கள். 1975க்கு முந்தையவற்றை மட்டும் வடிகட்டி இல்லாமல் தனியாகத் தேடினேன்: 212. சுருக்கம் இல்லாததால் தலைப்பைப் பார்த்து எதையும் தள்ள முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் முழுக் கட்டுரை வேண்டும். நூலகத்தின் அடித்தளத்தில் கட்டிய தொகுதிகள் இருக்கின்றனவாம். நாளை பென்சிலோடு போகிறேன்.