மேல்தாடை மேடா, முகிழா? கருவில் முகம் உருவாகும் பாடத்துக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கருவியல் பாடத்தில் முகம் உருவாகும் பகுதியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்காம் வாரத்தில் கருவின் வாய்க்குழியைச் சுற்றி ஐந்து திரட்சிகள் எழும்புகின்றன. மேலே நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. ஆங்கிலத்தில் பழைய நூல்கள் இவற்றைப் 'பிராசஸ்' என்றன, இப்போது 'பிராமினன்ஸ்' என்கிறார்கள். தமிழுக்கு நீட்டம், முகடு, முகிழ், புடைப்பு என நான்கை எழுதிவைத்திருக்கிறேன். பேசாமல் 'மேல்தாடைக் கரு' என்றே சொல்லிவிடலாமா என்றும் தோன்றுகிறது. எதை வைத்துக்கொள்ளலாம்?

*

வணக்கம் அம்மா.

'மேல்தாடைக் கரு' வேண்டாம். அதைப் படிக்கும் மாணவர் மேல்தாடை முழுவதும் அந்தத் திரட்சியிலிருந்தே வருகிறது என்று எடுத்துக்கொள்வார். கன்னம், மேலுதட்டின் இரு பக்கங்கள், மேல்தாடை எலும்பின் பெரும்பகுதி, கன்ன எலும்பு எல்லாம் அதிலிருந்து வருபவைதான். ஆனால் மேல் வெட்டுப்பற்கள் நான்கும் பதிந்திருக்கும் முன்பகுதி வேறு இடத்துச் சரக்கு. ஐந்தாம் வாரத்தில் மூக்குக்கான குழிகள் இரண்டு விழுகின்றன. ஒவ்வொரு குழியின் இரு பக்கமும் கரை எழும்புகிறது. வெளிக்கரைகள் மூக்கின் பக்கச் சுவர்களாகின்றன. உட்கரைகள் இரண்டும் நடுவில் சேர்ந்து ஒரே துண்டாகின்றன. மூக்குக்குக் கீழே மேலுதட்டின் நடுப்பள்ளம், நான்கு வெட்டுப்பற்களைத் தாங்கும் எலும்பு, அதற்குப் பின்னால் அண்ணத்தின் சிறிய முக்கோணப் பகுதி, மூன்றும் அந்தத் துண்டிலிருந்து வருபவை. மற்றப் பாலூட்டிகள் பலவற்றில் இந்த இடத்து எலும்பு தனியாகவே தெரியும். மனிதரில் அது சீக்கிரமே மேல்தாடையோடு சேர்ந்துவிடுவதால், மனிதருக்கு அப்படி ஓர் எலும்பே கிடையாது என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். ஜெர்மன் கவிஞர் கதே 1784இல் மனித மண்டையோட்டில் அதன் தடத்தைக் கண்டு எழுதினார். கருவில் உள்ள துண்டை 'இடைத்தாடைத் துண்டு' என்று எழுதலாம்.

'நீட்டம்' எலும்புக்குத் தேவைப்படும். வளர்ந்தவரின் மேல்தாடை எலும்பில் நெற்றி நீட்டம், கன்ன நீட்டம், பற்குழி நீட்டம், அண்ண நீட்டம் என்று நான்கு உண்டு. எலும்பே உருவாகாத நான்காம் வாரத்துக்கும் அதே சொல்லைப் போட்டால் குழப்பம்தான். 'முகடு' நரம்பு முகட்டோடு, அதாவது கருவின் நரம்புக் குழாயின் விளிம்பில் தோன்றும் உயிரணுத் தொகுதியின் பெயரோடு, மோதும். முகத் திரட்சிகளை நிரப்பும் இளந்திசுவில் பெரும்பங்கு நரம்பு முகட்டிலிருந்து நகர்ந்து வந்த உயிரணுக்கள்தான் என்பதால், ஒரே வரியில் இரண்டு முகடுகள் வந்து நிற்கும். 'முகிழ்' அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் கைகால் அரும்பு, பல் அரும்பு என்று எழுதுகிறோமே, முகிழும் அதே பொருள்தான். அரும்பு வளர்ந்து தனி உறுப்பாகிறது. இங்கே நடப்பது வேறு, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து தன் எல்லையை இழக்கிறது. 'புடைப்பு' பொருளில் சரி, ஆனால் மருத்துவ மாணவர் அதை அடிபட்ட வீக்கமாகப் படித்துவிடுவார்.

என் பரிந்துரை 'மேடு'. மேல்தாடை மேடு, கீழ்த்தாடை மேடு, நெற்றி-மூக்கு மேடு. அந்த வாரங்களில் முகம் என்பதே மேடும் பள்ளமும்தான், இரண்டுக்கும் நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, மேடுகள் 'சேர்கின்றன' என்று எல்லா இடத்திலும் எழுதினால் போதுமா என்பது. இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் உள்ளன. கீழ்த்தாடை மேடுகள் இரண்டுக்கும் நடுவே பள்ளம் மட்டுமே இருக்கிறது, அடியில் திசு தொடர்ச்சியாகத்தான் உள்ளது. அடியிலிருந்து திசு பெருகப் பெருகப் பள்ளம் மேலெழும்பி மறைகிறது. கிணறு தூர்ந்துபோவது போலத்தான்.

அண்ணத்தில் நடப்பது அப்படியல்ல. மேல்தாடை மேடுகளின் உட்புறத்திலிருந்து ஆறாம் வாரத்தில் இரண்டு தட்டுகள் புறப்பட்டு, நாக்கின் இரு பக்கமும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஏழு, எட்டாம் வாரங்களில் நாக்கு தாழ, தட்டுகள் நிமிர்ந்து நாக்குக்கு மேலே கிடைமட்டமாகி ஒன்றையொன்று தொடுகின்றன. தொட்டதும் வேலை முடிவதில்லை. இரண்டின் மேற்பரப்புப் படலமும் சேர்ந்து நடுவில் ஒரு தையல் போல நிற்கும். அந்தத் தையல் கரைந்து, இரு பக்கத் திசுவும் ஒன்றோடொன்று கலந்தால்தான் அண்ணம் ஒன்றாகும். இது முழுதும் முடியப் பன்னிரண்டாம் வாரம் வரை ஆகலாம். தட்டு நிமிராவிட்டாலும், நிமிர்ந்தும் எட்டாவிட்டாலும், எட்டியும் தையல் கரையாவிட்டாலும் அண்ணப்பிளவு. எந்தக் கட்டத்தில் தவறியது என்று மாணவர் யோசிக்க வேண்டுமானால் வினைச்சொல் வேறாக இருக்க வேண்டும். முதலாவதைத் 'தூர்தல்', இரண்டாவதை 'ஒட்டிணைதல்' எனலாமா?

*

மிக்க நன்றி ஐயா. மேடு என்றே மாற்றிவிட்டேன், படத்திலும் இடம் அடைக்காமல் பொருந்துகிறது. இரண்டு சந்தேகங்கள். மூக்குக் குழியின் கரைகளை 'உள் மூக்கு மேடு', 'வெளி மூக்கு மேடு' என்று எழுதினால், மூக்குக்கு உள்ளே இருப்பது, வெளியே இருப்பது என்று படிக்க மாட்டார்களா? இன்னொன்று, மேலுதட்டில் மேல்தாடை மேடும் மூக்கின் உட்கரையும் சேர்வது தூர்தலா, ஒட்டிணைதலா? பாடநூல்கள் இதில் ஒரே மாதிரி சொல்வதில்லை.

*

அம்மா, முதல் சந்தேகம் நியாயமானது. 'உட்பக்க மூக்கு மேடு', 'வெளிப்பக்க மூக்கு மேடு' என்று பக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை.

உதட்டை ஒரே சொல்லில் அடக்க முயல வேண்டாம். உட்பக்க மேடுகள் இரண்டும் நடுவில் சேர்வது தூர்தல். அந்த மேடும் மேல்தாடை மேடும் மூக்குக் குழிக்குக் கீழே சந்திக்கும் இடத்தில் இரு படலங்களும் ஒட்டி ஒரு மெல்லிய சுவர் உண்டாகிறது, அதை ஊடுருவித் திசு நிரம்ப வேண்டும். அதனால் அங்கே ஒட்டிணைதல் என்றே எழுதுங்கள். உதட்டுப் பிளவு பெரும்பாலும் நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக வருவதற்குக் காரணமும் இந்த இடம்தான், படத்தில் இதற்கு ஒரு அம்புக்குறி கட்டாயம் போடுங்கள்.

'பிளவு' என்ற சொல் நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். ஆனால் வரையறையின் முதல் வரியிலேயே, ஒன்றாக இருந்தது பிளந்ததல்ல, சேர வேண்டியவை சேராமல் நின்றது என்று எழுதிவிடுங்கள். கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் அடுத்த பத்தியில் வருகிறதல்லவா? மேல்தாடை மேட்டுக்கும் வெளிப்பக்க மூக்கு மேட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் அடிப்படலம் ஒரு நாண் போல உள்ளே பிரிந்து, பின்னர் துளை விழுந்து குழாயாகிறது. அங்கே பள்ளம் 'தூர்கிறது' என்று மட்டும் எழுதிவிட்டால் குழாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அந்தப் பத்தியை எழுதியதும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.